நின்று குளிக்கும் பீலி

என் வீட்டுக்கு மேல் வீட்டில் அருவி பொருத்தியிருக்கிறார்கள். ‘பொருத்தி’ என்ற சொல் என்னுடையது அல்ல, அந்த வீட்டுக்காரருடையது. போன மாதம் கேட் அருகே நின்று போனில் யாரிடமோ, “அருவி பொருத்தியாச்சுங்க, மோட்டார் மட்டுந்தான் பாக்கி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். டியூப் லைட் பொருத்துவார்கள், வாஷ்பேசின் பொருத்துவார்கள். அருவியையும் பொருத்துவார்கள் என்பதை அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன்.

குன்னூர் மலையில் ஜெகதளாவுக்குப் போகும் வழியில் எங்கள் பக்கத்து வீடுகள் ஒன்றின் தலைமேல் ஒன்றாக இருக்கும். அவருடைய தோட்டம் முடிகிற இடத்தில் என் ஓட்டுக்கூரை ஆரம்பிக்கிறது. அதனால் அங்கே என்ன நடந்தாலும், விருப்பம் இல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்துவிடும். விருப்பம் இல்லை என்று சொன்னால் அது பொய். தேயிலைத் தொழிற்சாலை ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? காணாமல் போன கோழியைத் தேடுகிற சாக்கில் தினமும் ஒரு முறை மேலே போய்ப் பார்த்துவிட்டு வருவேன். எங்களிடம் கோழி இல்லை என்பது போஜனுக்கும் தெரியும். போஜன் அந்த வீட்டுக் காவல்காரர், படுகர், அதிகம் பேசமாட்டார்.

வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து மாதத்துக்கு இரண்டு முறை வருகிறவர். நல்ல மனிதர்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பாருங்கள், இந்த மலையில் வந்து அருவி வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றுகிறதே, அதற்கு எப்படிப்பட்ட மனசு வேண்டும்? ஜூன் பிறந்தால் இங்கே ரோட்டோரத் தடுப்புச் சுவரிலிருந்துகூடத் தண்ணீர் கொட்டும். வெள்ளைக்காரன் காலத்துச் சுவரிலும் கொட்டும், போன வருஷம் கட்டிய சுவரிலும் கொட்டும். போன வருஷத்துச் சுவராக இருந்தால் கூடவே சுவரும் கொட்டும். காரைக் குன்னூருக்குத் திருப்பினால் வழியெல்லாம் அருவி. அதையெல்லாம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடந்து வந்து, வீட்டுக்குள் சிமெண்டில் ஒன்று செய்துகொள்கிறார்.

செய்த விதத்தையும் சொல்லவேண்டும். கம்பிவலையை மலை மாதிரி வளைத்து, அதன்மேல் சிமெண்டைப் பூசி, அது காய்வதற்குள் கத்தியால் கீறிப் பாறை வெடிப்பு உண்டாக்கினார்கள். பிறகு பழுப்புப் பெயிண்ட் அடித்தார்கள். பாறை பழுப்பாக இருக்கும் என்று யார் சொன்னார்களோ. ஐந்து அடிக்கு அந்தப் பக்கம் உண்மையான பாறை ஒன்று பாசி பிடித்துக் கறுப்பாக உட்கார்ந்திருக்கிறது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதன்மேல்தான் வேலையாட்கள் டிபன் பாக்ஸை வைத்திருந்தார்கள். கீழே ஒரு தொட்டி, அதில் தார்ப்பாய், தார்ப்பாயின்மேல் கூழாங்கல், பிளாஸ்டிக் தாமரை, ஒற்றைக்காலில் ஒரு சிமெண்ட் கொக்கு. பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வராமல் கீழ்வரிசைப் பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்த வாரத்தில், லாரியில் தண்ணீர் கொண்டுவந்து அந்தத் தொட்டியை நிரப்பினார். மோட்டார் அதை மேலே ஏற்றும், அது கீழே விழும், மறுபடி ஏறும். விருந்தாளி வந்தால் போஜன் சுவிட்சைப் போடுவார். விருந்தாளி போனால் அருவியும் போய்விடும்.

முதல் நாள் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்.

“ஏனுங்க, எப்புடீங்க இருக்குது?”

நல்லா இருக்குங்க என்றேன். இதற்குத்தான் என்னை நானே மதிப்பதில்லை.

போன வாரம் காட்டெருமை ஒன்று தோட்டத்துக்குள் வந்தது. எங்கள் பக்கம் அது புதிதில்லை, எங்களுக்கு முன்பே இங்கே இருப்பது அதுதான். தொட்டியில் கொஞ்சம் குடித்துப் பார்த்தது. பிறகு உள்ளே ஒரு காலை வைத்துத் தார்ப்பாயைக் கிழித்துவிட்டு, கொக்கைத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. இதுவரை அந்த அருவிக்குக் கிடைத்த நேர்மையான விமரிசனம் அதுதான் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. யாரைப் பார்த்தாலும் உங்களுக்கு இளக்காரம்தான், இது எங்கிருந்து வந்த புத்தி என்றாள். மறுநாள் காலையில் ஆள் வந்து தார்ப்பாயை எடுத்துவிட்டுத் தொட்டியைச் சிமெண்டால் பூசினான். நான் சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஈரச் சிமெண்ட் வாசனை கூரை வழியாக இறங்கி வந்தது. டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

ஈரச் சிமெண்ட் வாசனை எனக்கு என் அக்காவின் கல்யாணம்.

அப்போது நாங்கள் கூடலூர்ப் பக்கம் ஓவேலியில் ஒரு எஸ்டேட்டில் இருந்தோம். பதினாறு வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்த லயம். எல்லாரும் சிலோன் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள். நானும் அங்கே பிறந்தவன்தான், ஆனால் எனக்கு ஞாபகம் இருப்பது கப்பலில் யாரோ ஒருவருடைய டிரங்குப் பெட்டியின் மேல் வாந்தி எடுத்தது மட்டும்தான். அப்பாவுக்கு எல்லாமே ஞாபகம் இருந்தது. அதுதான் தொல்லை. இந்த ஊரில் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. உப்பு கரிக்கவில்லை என்பார், மிளகாய் உறைக்கவில்லை என்பார், மழையைப் பார்த்து இதெல்லாம் ஒரு மழையா என்பார். அங்கே அட்டைகூட மரியாதையாகத்தான் கடிக்கும் என்பதுபோல இருக்கும் அவர் பேச்சு. என் மனைவி கேட்ட கேள்விக்குப் பதில் அப்பாதான். அவர் எனக்கு விட்டுப்போனதில் இன்றுவரை தேயாமல் இருப்பது இந்த இளக்காரம் ஒன்றுதான்.

அவருடைய பெரிய குறை தண்ணீர். தண்ணீர் இல்லை என்பதல்ல, அது விழவில்லை என்பது. அங்கே லயத்துக்குப் பின்னால் பீலி இருந்ததாம். பாறையில் வருகிற தண்ணீரை ஒரு தகரத்தில் வாங்கி, ஆள் உயரத்துக்கு மேலிருந்து விழும்படி விட்டால் அதற்குப் பெயர் பீலி. வேலை முடிந்து இறங்கி வருகிறவன் கூடையை வைத்துவிட்டு நேரே அதன்கீழ் போய் நிற்பான். உச்சந்தலையில் அடிக்கிற தண்ணீரில் கங்காணி திட்டியது, தொரை திட்டியது, எல்லாம் இறங்கிப் போய்விடும் என்பார் அப்பா. எங்கள் லயத்து ஊற்றோ பாறைக்கு அடியில் முழங்கால் உயரத்தில் வந்தது. பிளந்த மூங்கில் ஒன்றைச் செருகி, அதன் கீழே குடத்தைச் சாய்த்துப் பிடிப்போம். குளிப்பதென்றால் குத்தவைத்து உட்கார்ந்து, குவளையில் பிடித்துப் பிடித்து ஊற்றிக்கொள்ள வேண்டும். கோழி மண்ணில் புரளுகிற மாதிரி இது என்ன குளிப்பு என்பார். ஆனாலும் ஒரு நாள் தவறாமல் அப்படித்தான் குளித்தார், ஒவ்வொரு நாளும் முனகிக்கொண்டே.

லயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வீட்டில் கல்யாணமோ அந்த வீட்டார் ஊற்றின் வாயைத் துப்புரவு செய்து புது மூங்கில் வைக்கவேண்டும். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதும் அந்தப் புது மூங்கில் தண்ணீரில்தான் குளிப்பார்கள். அடுத்த கல்யாணம்வரை அந்த மூங்கிலுக்கு அந்தப் பெண்ணின் பெயர். ‘செல்வி மூங்கில்ல பிடிச்சுட்டு வா’ என்று அம்மா சொன்னால், செல்வி அதற்குள் இரண்டு பிள்ளை பெற்றிருப்பாள். பழையதைப் பிடுங்கிப் புதியதைச் செருகினால் தீர்ந்தது. அரை மணி நேரத்து வேலை.

அக்காவுக்குக் கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டில் மாப்பிள்ளை அமைந்தது. அவர்களும் சிலோன்காரர்கள், அப்பா இருந்த தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம். நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அப்பாவும் எங்கள் அப்பாவும் பேச ஆரம்பித்து, பேச்சு பீலிக்குப் போனது. இந்தியாவுக்கு வந்து ஒரு நாள்கூட நிம்மதியாகக் குளிக்கவில்லை என்று அவர் சொன்னார். அப்பா அதோடு விட்டிருக்கலாம்.

“எங்க லயத்துக்கு வாங்க சம்பந்தி, நின்னு குளிக்கலாம்” என்றார்.

அம்மா டீத் தம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள். சொன்ன வாயை மூட முடியாது. கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது. முழங்கால் உயரத்து ஊற்றைத் தலைக்கு மேலே ஏற்றவேண்டும்.

அப்பாவின் திட்டம் எளிமையானது. ஊற்றைச் சுற்றிப் பாறையோடு ஒட்டிக் கல்லும் சிமெண்டும் வைத்து ஒரு சுவர் எழுப்புவது. கீழ் வாயை அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளே நிறைந்து மேலே ஏறி வரும். மேலே ஒரு தகரம் வைத்தால் பீலி. அப்பா குள்ளம் என்பதால் ஐந்தரை அடிச் சுவர் போதுமாக இருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக் களத்து ஷெட்டைப் பழுது பார்த்ததில் மிஞ்சிய சிமெண்டைக் கொத்தனாரிடம் கேட்டு வாங்கினார். வேலை விட்டு வந்ததும் கல் சுமப்பார். நானும் சுமந்தேன், மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு. பத்தாவது படிக்கிறவனுக்கு அப்பா செய்கிற எதுவும் கேவலம்தான். மற்ற வீட்டு ஆண்கள் வந்து நின்று யோசனை சொன்னார்கள். அவர்களும் சிலோனில் நின்று குளித்தவர்கள்தானே. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அம்மா மட்டும் சொன்னாள்.

“தண்ணி அது பாட்டுக்கு வருது. அத ஏன் வம்புக்கு இழுக்கிறீங்க? நீங்க நின்னு குளிக்க, நாங்க ஒக்காந்து அழுகவா?”

லயத்தில் தண்ணீர் தூக்குவது பெண்கள். யோசனை கேட்டது ஆண்களிடம்.

சுவர் காய்ந்து, கீழ் வாயை அடைத்த அன்று முழுவதும் தண்ணீர் உள்ளேயே ஏறிக்கொண்டிருந்தது. மறுநாள், அதாவது கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில், தகரத்தின் நுனியில் வந்து நின்றது, தயங்கியது, விழுந்தது. நிஜமாகவே விழுந்தது. உண்மையை ஒளிக்கக் கூடாது, அழகாக இருந்தது. அப்பா வேட்டியோடு போய் அதன் கீழே நின்றார். ஒரு சத்தம் போட்டார், சிரிப்பா என்று தெரியவில்லை. பதினாறு வீட்டுப் பிள்ளைகளும் சுற்றி நின்று கத்தினார்கள். மதியம் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். அப்பா தோளில் புதுத் துண்டோடு சம்பந்தியைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அவர் வெகுநேரம் அதன் கீழே அசையாமல் நின்றார். வெளியே வந்து ஈரக் கையால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன்போ பின்போ அப்பாவின் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை கல்யாணச் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு இரண்டாவது அண்டாவுக்குத் தண்ணீர் எடுக்கப் போனார்கள். தகரத்திலிருந்து நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது. தாலி கட்டி முடிவதற்குள் அந்த நூலும் நின்றுவிட்டது. மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து அப்பாவின் காதில் சொன்னார். தண்ணீரை மேலே தூக்கி நிறுத்தினால் அதன் பாரத்துக்குப் பாறைக்குள் வேறு வழி பார்த்துக்கொள்ளும் என்பது பிற்பாடு எனக்குப் புரிந்தது. அன்று யாருக்கும் புரியவில்லை. கீழே, தேயிலைக் காடு முடிகிற இடத்துச் சதுப்பில் புதிதாக ஓர் ஊற்று பொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஒரு பையன் ஓடிவந்து சொன்னான். ஆண்கள் எல்லாரும் குடத்தோடு இறங்கி அந்தக் கலங்கல் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். பருப்பில் மண் நெறுநெறுத்தது. சம்பந்தி அதையும் பிசைந்து சாப்பிட்டார். சாயங்காலம் அக்கா புருஷன் வீட்டுக்குப் புறப்பட்டபோது எல்லாரையும் பார்த்து அழுதாள், அப்பா மட்டும் அங்கே இல்லை.

அடுத்த நாள் கடப்பாறையால் சுவரை உடைத்தார். பழைய வாயைத் திறந்துவிட்டால் தண்ணீர் திரும்பி வரும் என்று நம்பினார். லயமே கூடி நின்றது. கல் கல்லாகச் சரிந்தது. உள்ளே தேங்கியிருந்த கொஞ்சம் தண்ணீர் அவர் காலை நனைத்துக்கொண்டு ஓடி முடிந்தது. அப்புறம் பாறையின் அடியில் வெறும் ஈரம். அவர் மண்டி போட்டுக் கையை உள்ளே விட்டுத் துழாவினார். பெண்கள் இடுப்பில் காலிக் குடத்தோடு நின்றார்கள். அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை. அவருடைய மகன் என்று என்னையும் சேர்த்துப் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. நான் அவர் பக்கம் இல்லை என்று காட்டவேண்டியிருந்தது.

“என்னப்பா, நின்னு குளிச்சாச்சா?” என்றேன்.

லயம் சிரித்தது. முதலில் ஒருவர், பிறகு எல்லாரும், குடத்தோடு நின்ற பெண்களும்கூட. அதற்குப் பிறகு ஆபீசில் எத்தனையோ வருஷம் நையாண்டிக்காரன் என்று பெயர் எடுத்திருக்கிறேன். அவ்வளவு சிரிப்பு வேறு எதற்கும் கிடைத்ததில்லை. அம்மா மட்டும் என்னைப் பார்த்தாள். அப்பா கையைப் பாறையிலிருந்து எடுத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டு, கடப்பாறையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

எஸ்டேட்டில் குழாய் இழுத்துக் கொடுக்க இரண்டு வருஷம் ஆனது. அதுவரை பதினாறு வீட்டுப் பெண்களும் சதுப்பிலிருந்து மேடேறித் தண்ணீர் சுமந்தார்கள். யாரும் அப்பாவைத் திட்டவில்லை. அடுத்து வந்த கல்யாணங்களில் புது மூங்கில் வைக்க ஊற்று இல்லை, அதனால் அந்த வழக்கமும் நின்றுபோனது. அப்பா சிலோனைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார். உப்பையும் மழையையும் குறை சொல்வது நின்றது. சதுப்போரத்தில், பாதைக்கு முதுகைக் காட்டியபடி, குத்தவைத்து உட்கார்ந்து குளிப்பார். பள்ளிக்கூடம் போகும்போது தினமும் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே போவேன்.

போன தை மாதம் ஒரு சாவுக்காக ஓவேலி போனேன். லயத்தில் கூரை இல்லை, ஆள் இல்லை. எங்கள் வீட்டு இடத்தில் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. பதினாறு வீட்டுக்காரர்களும் கோயம்புத்தூர், திருப்பூர் என்று பிழைக்கப் போய்விட்டார்கள். யாராவது ஒருவர் என் மேல் வீட்டுக்காரரிடமே வேலை பார்க்கலாம், யார் கண்டது. பாறை இருந்தது. அதன் அடியில் அப்பாவின் சிமெண்ட் ஒரு முழம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. கையை விட்டுப் பார்த்தேன், ஈரம்கூட இல்லை. கீழே சதுப்பும் வறண்டிருந்தது.

இந்த வீட்டைக் கட்டியபோது குளியலறையில் ஷவர் வைத்தேன். வெந்நீர் வருகிற ஷவர். மேல் வீட்டுக்காரரின் அருவியைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினேனே, நானும் ஒன்று பொருத்தியவன்தான். அம்மா இறந்த பிறகு அப்பா என்னோடு இருக்க வந்தார். வந்த முதல் நாளே உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் திருகிக் காட்டினேன். இதன் கீழே நின்றால் போதும் அப்பா என்றேன். அவர் தண்ணீர் விழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கையைக்கூட நீட்டவில்லை. பிறகு அவரே திருகை மூடினார்.

“நான் ஒக்காந்தே குளிச்சுக்கிறேன் தம்பி.”

கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தொல்லை வேண்டாம் என்பதுபோலத்தான் சொன்னார். குழாய்க்குக் கீழே வாளியை இழுத்து வைத்து, சுவரைப் பார்த்துக் குத்தவைத்து உட்கார்ந்தார். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அன்றைக்குச் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று கதவுக்கு இந்தப் பக்கமிருந்தாவது சொல்லியிருக்கலாம். வெந்நீர் வருகிறதா அப்பா என்று கேட்டேன். வருது என்றார்.

ஆறு வருஷம் என்னோடு இருந்தார். ஒரு நாளும் அந்த ஷவரைத் திறக்கவில்லை. காலையில் நான் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது வாளியில் குவளை மோதுகிற சத்தம் கேட்கும். இப்போது அது இல்லை. திருப்பூர்க்காரர் வருகிற நாட்களில் மேலேயிருந்து மோட்டார் சத்தம் கேட்கிறது, அவர் திரும்பிப் போகும் கார் கேட்டைத் தாண்டியதும் போஜன் அதை நிறுத்திவிடுகிறார்.